கொட்டகையிலே ஒரு விமானம்!

விமானம் செய்கிறானாம்! விற்பதற்கல்ல, தானே ஏறிப் பறப்பதற்கு! எங்கே செய்கிறான்? வாயிலிலே காவலாளி நிற்கும் மாபெரும் ஆலையிலா? இல்லை, தோழர்களே! தன் வீட்டு மோட்டார் கொட்டகையிலே! காரை வெளியே மழையில் நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்திலே விமானத்தின் இறக்கையைக் கிடத்தியிருக்கிறான்.

அமெரிக்க நாட்டிலே நடக்கிறது இது. ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்பார் 1973இல் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்திலிருந்து பெட்டிகள் வந்து இறங்கும். திறந்து பார்த்தால் தகடு இருக்கும், பை பையாக ரிவிட் இருக்கும், வரைபடம் இருக்கும், பக்கம் பக்கமாகக் குறிப்பு இருக்கும். விமானம் மட்டும் இராது! அதைச் செய்ய வேண்டியது வாங்கியவன் கை. அவ்விதம் வீடுகளிலே உருவாகி வானேறிய அந்நிறுவனத்தின் விமானங்கள் 11,000க்கு மேல் என்றால், ஏதோ ஒரு பித்தனின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியுமா?

தகட்டு வேலை தெரிந்த தோழர்கள் இதை நம்மைவிட நன்கறிவர். அலுமினியத் தகட்டிலே துளை போட்டால் போதாது. ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் நிற்கும் பிசிறை நீக்க வேண்டும். பிசிறு நின்றால் அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். பிறகு துளையின் விளிம்பை அச்சால் அழுத்திக் குழியாக்க வேண்டும். ரிவிட்டின் தலை அந்தக் குழியிலே அடங்கி உட்கார்ந்தால்தான் காற்று தடையின்றி வழுக்கிச் செல்லும். ஒருவர் இப்புறம் சுத்தித் துப்பாக்கியை வைத்து அடிக்க, மற்றவர் அப்புறம் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க, ரிவிட் நசுங்கிப் பற்றுகிறது. பிடி சற்றுச் சாய்ந்தால் தகடு நசுங்கும். தவறிய ரிவிட்டைத் துளைத்தெடுத்துவிட்டு, மீண்டும் அடிக்க வேண்டும். இப்படி ஆயிரமாயிரம்! கட்டி பிடிப்பவர் பெரும்பாலும் யார் தெரியுமா? வீட்டுக்காரியம்மாள்! சமையல் முடிந்து வந்து, இறக்கைக்குள் தோள்வரை கையை நுழைத்துப் பிடித்துக் கொண்டிருக்கிறாள்.

இரண்டாயிரம் மணி நேரம் பிடிக்கும் என்கிறார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவிலே இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவனுக்கு ஏறத்தாழ மூன்றாண்டு! பாதியிலே நின்று தூசி படிந்த இறக்கைகளும் உண்டு, அதையும் மறைப்பானேன்?

சட்டம் என்ன சொல்கிறது? பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுகிறவனே, தன் கல்விக்காக அல்லது மனமகிழ்ச்சிக்காகச் செய்திருக்க வேண்டும் என்கிறது. பணத்தை வீசிப் பிறரைக் கட்டச் சொல்லிவிட்டு, பெயரை மட்டும் எழுதிக்கொள்ள வழியில்லை! செய்ததைச் செய்தேன் என்று காட்ட நாட்குறிப்பும் புகைப்படமும் வைத்திருக்கிறான். அரசின் சார்பில் ஒருவர் வந்து பார்த்துச் சான்று தருகிறார். அதன்பின் கட்டியவன் விண்ணப்பித்தால், அந்த ஒரு விமானத்தை ஆண்டுதோறும் சோதித்துக் கையெழுத்திடும் உரிமை அவனுக்கே கிடைக்கிறது. பட்டம் கேட்கவில்லை, பரம்பரை கேட்கவில்லை. நீ செய்தாய், ஆகவே நீ அறிவாய் என்கிறது சட்டம். உழைக்கும் கைக்குக் கிடைத்த இந்த மதிப்பு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1903இல் ரைட் சகோதரர் பறந்த கதையைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும்; அவர்களது சைக்கிள் பட்டறையிலே ஆறே வாரத்தில் அந்த எஞ்சினைச் செய்து கொடுத்த தொழிலாளி சார்லஸ் டெய்லரின் பெயரை எத்தனை பேர் சொல்வர்?

2023இல் ஒன்று நடந்தது. வான்ஸ் நிறுவனம் வெளியாரிடம் லேசர் ஒளியால் துளையிட்டு வாங்கிய தகடுகள் வீடுகளுக்குச் சென்றன. கொட்டகையிலே குழி அழுத்தியபோது, சில துளைகளின் விளிம்பிலே மெல்லிய விரிசல்! அதைக் கண்டு சொன்னவர்கள் வீட்டிலே கட்டியவர்கள். பெரும்பாலான தகடுகள் தாங்கும் என்று பின்னர் சோதனை கூறிற்று. சிலவற்றை மாற்றியே தீர வேண்டும் என்றும் கூறிற்று. மாற்றித் தரும் செலவும் மற்ற நெருக்கடிகளும் சேர, அவ்வாண்டு டிசம்பரிலே நிறுவனம் கடன் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் ஏறிற்று, 2024இல் மீண்டது.

கை காக்கும் என்றோம். அதே கை கொல்லவும் கூடும். 1997 அக்டோபர் 12 அன்று, புகழ்மிக்க பாடகர் ஜான் டென்வர், கலிபோர்னியாக் கடலிலே விழுந்து மாண்டார். அவர் ஓட்டியது வேறொருவர் வரைபடம் பார்த்துக் கட்டிய லாங் ஈஸி விமானம். ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு எண்ணெயை மாற்றும் திருகை ஓட்டியின் கால்களுக்கிடையே அமைக்கச் சொல்லியிருந்தது வரைபடம். கட்டியவர் அதை இடத்தோளுக்குப் பின்னே வைத்துவிட்டார்! அடையாளமும் எழுதவில்லை. எட்டித் திருப்ப உடலைத் திருப்ப வேண்டும். திருப்புகையில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவு கூறிற்று. புறப்படுமுன் எண்ணெய் அளவைச் சரிவரக் கவனிக்காத குறையையும், புது விமானத்திலே போதிய பயிற்சி பெறாததையும் அது எழுதிற்று. ஆயினும் அந்தத் திருகு எங்கே இருந்தது என்பதை யாரால் மறக்க முடியும்? கட்டியவர் ஒருவர், மாண்டவர் மற்றொருவர்!

அதனால்தான் ஏறும் இடத்திலே ‘சோதனை விமானம்’ என்று இரண்டங்குல உயர எழுத்திலே பொறிக்கச் செய்கிறார்கள். ஆலை விமானத்துக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற அறிவிப்பும் உள்ளே இருக்கும். ஏறுகிறவர் படித்துவிட்டு ஏறட்டும்!

செலவு? எஞ்சினும் கருவிகளும் சேர்த்து இலட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். கூலிக்காரனுக்கு எட்டும் கனி என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். இருவர் மூவர் பங்கு சேர்ந்து கட்டுவதும் உண்டு.

முடிந்ததா வேலை? கொட்டகையிலிருந்து இறக்கையைக் கழற்றி லாரியிலே ஏற்றி, விமானத் திடலிலே மறுபடி பூட்டி, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்து, ஒருநாள் காலையிலே ஓடுபாதையில் நிறுத்துகிறான். தொடக்கத்திலே வழக்கமாக இருபத்தைந்து அல்லது நாற்பது மணி நேரம் சோதனைப் பறத்தல். ஊருக்கு மேலே போகாமல், குறித்த எல்லைக்குள்ளே பறக்க வேண்டும். பயணி ஏறக்கூடாது. மூன்றாண்டு இரும்புக் கட்டி பிடித்த அந்த அம்மாளும் பயணிதான்! வேலியோரத்திலே நின்று, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.