உங்களுக்குத் தெரியுமா? குட்டி வெட்சூட், பெரிய ஆச்சரியங்கள்!

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க" என்போம். அலைச்சறுக்குக்குப் போடும் வெட்சூட்டில் அந்தக் கணக்கு செல்லாது! பெரிதாக எடுத்தால் போட்டும் பிரயோஜனமில்லை!

தொளதொள வெட்சூட்டுக்குள் ஒவ்வொரு அலையிலும் புதுத் தண்ணீர் புகும். உடம்புச் சூட்டை வாரிக்கொண்டு வெளியேறும்!

காற்றைவிடத் தண்ணீர் எத்தனை மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் தெரியுமா? சுமார் 25 மடங்கு!

அப்பாவுக்குக் குளிரும் முன்பே பிள்ளைக்கு உதடு நடுங்கும். காரணம், எடைக்குத் தோல் பரப்பு குழந்தைகளுக்குத்தான் அதிகம்!

வெட்சூட்டை உருவாக்கியவர் தையல்காரர் அல்ல, இயற்பியல் விஞ்ஞானி! பெயர் ஹியூ பிராட்னர். ஆண்டு 1952. அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். இத்தனை பெரிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையே வாங்கவில்லை!

இதன் துணி நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர். 1930இல் பிறந்தது. குளிரைத் தடுப்பதில் பெரும்பங்கு ரப்பருக்கு இல்லை, அதற்குள் அடைபட்டிருக்கும் பொடிப்பொடி வாயுக் குமிழ்களுக்கு!

சரி, இதைப் போட்டுக்கொண்டு எங்கே இறங்குவது? நம் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரி 3.645 டி.எம்.சி. கொள்ளும். ஆனால் அது சென்னையின் குடிநீர், இறங்கி விளையாடும் இடமல்ல! வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டினால் கோவளம். நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை!

இன்னும் கொஞ்சம் தெற்கே மாமல்லபுரம். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது அங்கேதான். இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று பிரமிக்க வைத்ததும் அங்கேதான்!

இங்கே கடல்நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், மார்கழியிலும்கூட! 5 மி.மீ. கனத்தில் முழுநீள உடை எதற்கு? 2 மி.மீ. அரைக்கை, அரைக்கால் 'ஷார்ட்டி' தாராளம். வெயில் காலத்தில் 'ராஷ் கார்டு' என்ற மெல்லிய சட்டையே போதும். யு.பி.எஃப். 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் உள்ளே போவது வெறும் 2 சதவீதம்!

லேபிளில் இருக்கும் வயதை நம்பவே நம்பாதீர்கள்! ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம்! உயரம், மார்புச் சுற்றளவு, எடை, இந்த மூன்றையும் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு எடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது அக்குளிலும் முதுகின் அடிப்பக்கத்திலும் இடைவெளி கூடாது. கையை உயர்த்தச் சொல்லுங்கள், குந்தச் சொல்லுங்கள், நன்றாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கழுத்து நெரிகிறது என்றால் அந்த சைஸ் வேண்டவே வேண்டாம்! உடலை ஒட்டியிருக்க வேண்டும், மூச்சை அடைக்கக் கூடாது.

கால் நுழையவில்லையா? பாதத்தில் ஒரு கேரி பேக்கை மாட்டுங்கள். சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும்!

நீல நிறம் பிடிக்குமா? வேண்டாம்! தண்ணீரோடு கலந்து பிள்ளை கண்ணுக்கே தெரியாது. பளீர் ஆரஞ்சைத் தேடுங்கள்.

வெட்சூட் கொஞ்சம் மிதக்க வைக்கும், உயிர் காக்காது! லைஃப் ஜாக்கெட்டைத் தனியாக வாங்குங்கள். அதையும் பெரிதாக எடுத்துவிடாதீர்கள்!