ஒற்றைமய நெல்: மலட்டுச் செடி தரும் தூய விதை

நெல்லின் உடல் உயிரணு ஒவ்வொன்றிலும் 24 குரோமோசோம்கள் உண்டு. தாய்வழி 12, தந்தைவழி 12. எப்போதாவது ஒரு சூல்முட்டை, மகரந்தத்தின் பங்கைப் பெறாமலே கருவாகிவிடுகிறது. அதிலிருந்து வளரும் செடிக்கு 12 மட்டுமே. இதுவே ஒற்றைமயச் செடி. 1922இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ குழுவினர் ஊமத்தையில் இதை விவரித்தனர். 1933இல் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. ராமையா, என். பார்த்தசாரதி, எஸ். ராமானுஜம் மூவரும் நெல்லில் கண்ட ஒற்றைமயச் செடியைப் பற்றி 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். கட்டாக்கில் 1946இல் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானவர் இதே ராமையாதான்.

ஒற்றைமய நெல் குட்டையாக, மெல்லிய இலைகளுடன் வளரும். கதிர் வரும், மணி பிடிக்காது. பாலணுக்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் இணைசேர வேண்டும். இங்கே இணையே இல்லாததால் எல்லாம் பதராகிப் போகிறது. வயலில் பார்ப்பவர் பிடுங்கி எறியக்கூடிய செடி.

ஆனால் அதன் 12 குரோமோசோம்களையும் இரட்டிப்பாக்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. செங்காந்தளிலும் உள்ள கொல்சிசின் என்ற வேதிப்பொருளால் இதைச் செய்யலாம். சில சமயம் தானாகவும் நடக்கும். இரட்டித்த செடி மணி பிடிக்கும். அதன் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இணை அதன் நகலே என்பதால், விதைத்தால் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். வழக்கமான முறையில் இரு ரகங்களைக் கலந்தால், கலப்பு மரபணுக்கள் தன்மகரந்தச் சேர்க்கையில் தலைமுறைக்குப் பாதியாகவே குறையும். ஆறு தலைமுறைக்குப் பிறகும் ஏறத்தாழ 1.6 சதவீதம் கலப்பு எஞ்சும். ஒற்றைமய வழியில் ஒரே தலைமுறை போதும்.

இந்தத் தலைமுறைக் கணக்கு எங்கே உறைக்கும் என்பதற்கு அந்தமானின் வண்டூர்ப் பக்கம் நல்ல எடுத்துக்காட்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியோடு தெற்கு அந்தமானில் நிலமே தாழ்ந்தது. தாழ்வான நெல்வயல்களில் கடல்நீர் புகுந்து மண் உவரானது. அங்கே நெல் பெரும்பாலும் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம். நெடுநாளாகப் பயிராகும் சி14-8 ரகமோ பகல்பொழுது குறுகினால்தான் பூக்கும். வயலில் மட்டுமே ஆறு தலைமுறை பார்ப்பதென்றால் ஆறு ஆண்டுகள். உப்பு மண்ணில் நிற்கும் விவசாயிக்கு அது மிக நீண்ட காலம்.

இயற்கையில் தற்செயலாகக் கிடைக்கும் ஒற்றைமயச் செடிகளை நம்பி இவ்வேலை நடக்காது. மக்காச்சோளத்தில்கூட ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றுதான். 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை ஊட்டக்கரைசலில் வளர்த்து, மகரந்தத்திலிருந்தே ஒற்றைமயக் கருக்களை எடுத்தனர். உலகம் முழுதும் பயிர் வளர்ப்பாளர்கள் பின்பற்றிய வழி இந்தியாவில் திறந்தது. 1968இல் ஜப்பானியர் நெல்லிலும் அதைச் சாதித்தனர். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இண்டிகா வகை நெல்லின் இரு ரகங்களைக் கலந்து, மகரந்தப்பை வளர்ப்பில் உவர் தாங்கும் நெல் ஒன்றை உருவாக்கியது. 1995இல் 'பிகோல்' என்ற பெயரில் அது வெளிவந்தது. வண்டூர் போன்ற கரையோர வயல்களுக்கு மிக அருகில் வரும் முன்மாதிரி இதுதான்.

எனினும் நாம் உண்ணும் இண்டிகா நெல் இம்முறைக்கு எளிதில் வசப்படுவதில்லை. பல ரகங்களில் கரு உருவாவதே குறைவு. உருவானாலும் பச்சையமற்ற வெள்ளைச் செடிகளே மிகுதியாக வருகின்றன. அதனால் கவனம் மீண்டும் விதைக்குள் தானே நிகழும் ஒற்றைமயத்தின் பக்கம் திரும்பியது. 1959இல் அமெரிக்காவின் எட்வர்ட் கோ, வழக்கத்தைவிடப் பல மடங்கு ஒற்றைமய விதை தரும் 'ஸ்டாக் 6' என்ற மக்காச்சோள வகையை அறிவித்திருந்தார். அதற்குக் காரணம் மகரந்தத்தில் செயல்படும் ஒரு மரபணுவின் பழுது என்று 2017இல் தெரிந்தது. அடுத்த ஆண்டே இண்டிகா நெல்லில் அதற்கு இணையான மரபணுவைத் திருத்தி, 6 சதவீதம் வரை ஒற்றைமய விதைகளைப் பெற்றனர். இதற்கு மகரந்தப்பை வளர்ப்பு தேவையில்லை. விதையை முளைக்கவிட்டுத் தேர்ந்தெடுத்து, குரோமோசோமை இரட்டித்தால் போதும்.