கைமீறிய இச்சை

நோய் எது?

பசியும் உறக்கமும் போலக் காமமும் சரீரத்தின் இயல்பே ஆகையால், இச்சை மிகுந்தவர் என்ற ஒன்றைக் கொண்டே எந்த வைத்தியரும் ஒருவரை நோயாளி என்று சொல்லிவிடுவதில்லை. ஆனால், நள்ளிரவு கடந்த பின்னும் கைப்பேசியில் ஆபாசக் காட்சிகளைப் பார்த்திருந்துவிட்டு, காலையில் வேலைக்குத் தாமதமாகப் போய், உடம்பு சரியில்லை என்று பொய் கூறி, இன்றோடு சரி என்று மனத்துக்குள் சபதம் செய்து, அன்றிரவே அச்சபதத்தை முறித்து, இன்பம் என்று சொல்லத்தக்கது ஏதும் எஞ்சாத நிலையிலும் அதையே நாடிச் செல்கிறவருடைய துன்பம் வேறு வகையைச் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, இந்நிலையை உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. வாரத்துக்கு எத்தனை முறை என்ற கணக்கு அங்கே இல்லை. அடக்க முயன்றும் அடங்காமை, உடல்நலமும் குடும்பமும் தொழிலும் பாழாவதைக் கண்டும் விட இயலாமை, ஏறத்தாழ 6 மாத காலமோ அதற்கு மேலோ இது நீடித்தல் ஆகியவையே லக்ஷணங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இதற்கு இடம் தரவில்லை; பெயரைப் பற்றிய விவாதம் அறிஞரிடையே தொடர்ந்தாலும், அனுபவிக்கிறவருடைய வேதனை மெய்யானது.

அச்சம் வளர்க்கும் பழக்கம்

அந்த வகைப்பாட்டில் என் மனத்தில் ஆழப் பதிந்தது ஒரு விதிவிலக்கு. தம் ஒழுக்கக் கோட்பாட்டுக்கு மாறாக நடந்துவிட்டோமே என்ற வருத்தம் மட்டுமே ஒருவரை வாட்டுமாயின், அதைக் கொண்டு இந்நோய் உண்டென்று முடிவுகட்டலாகாது என்கிறது அது. நம் நாட்டில் ஊர் ஊராகச் சென்று சொல்லத்தக்க வார்த்தை இது. பல துளி ரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்து ஆகிறதென்றும், அது நஷ்டமானால் நரம்புத் தளர்ச்சி வரும், ஞாபகசக்தி குன்றும், கல்யாணத்துக்கே லாயக்கற்றவனாகிவிடுவான் என்றும் சுவர் விளம்பரத்திலும் பின்னிரவுத் தொலைக்காட்சியிலும் கண்டும் கேட்டும் வளர்ந்த இளைஞன், எப்போதாவது செய்துகொண்ட சுயஇன்பத்துக்கே தன்னைப் பெரும் பாவியாகக் கருதி, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் போலி வைத்தியரிடம் கடன் வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறான். விந்து உடல் ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருப்பது. அது வெளியேறுவதால் ரத்தமோ பலமோ குறைவதில்லை.

இப்பயம் நமக்கு மட்டும் உரியதன்று. லோசான் நகரத்து வைத்தியர் டிஸ்ஸோ 1760இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலொன்று ஐரோப்பா முழுவதையும் இதே பயத்தில் ஆழ்த்தியது. விந்து நஷ்டத்தை எண்ணியே சோர்வும் பலவீனமும் உறுகிறவர்களைக் கண்டு, இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். காமசக்தியை விருத்தி செய்வதாக மருந்துகளை விளம்பரம் செய்யலாகாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும் அவ்விளம்பரங்கள் ஒழிந்தபாடில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஏனெனில், அவை ஊட்டும் பயத்தால் மனக்கலக்கம் உண்டானவன் அதைத் தணித்துக்கொள்ளவே அப்பழக்கத்தை நாடுகிறான். நாடியபின் வெட்கமும் சுயநிந்தையும் பெருகி முன்னிலும் அதிகமாகக் கலங்குகிறான். அக்கலக்கம் மறுபடி அவனை அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. வெட்கப்படுத்தித் திருத்த நினைக்கும் சுற்றத்தார், தாம் அறியாமலே அச்சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறார்கள்.

மருந்தினால் நேர்வது

அறுபது வயதுவரை அடக்கமாக வாழ்ந்த பெரியவர் ஒருவர் திடீரென்று காம விஷயத்தில் கட்டுமீறி நடப்பாரானால், அவரை ஏசுவதற்கு முன் அவர் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் முதலியவை சிலரிடம் இத்தகைய உந்துதலையும் சூதாட்ட வெறியையும் கிளப்பிவிடுவதுண்டு. மருந்தைத் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். இருமுனை மனநோயின் எழுச்சிக் கட்டத்திலும் இப்படி நேரலாம்.

மீளும் வழி

எந்த வேளையில், எந்த மனநிலையில், எவ்விடத்தில் உந்துதல் எழுகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், தனிமையும் சலிப்பும் வீட்டுச் சண்டையும் உறக்கமின்மையுமே பெரும்பாலும் அதற்கு வாயில் என்பது புலப்படும். கைப்பேசியைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கைக்குப் போவது அற்பமாகத் தோன்றினும் மிகுந்த பயன் தருவது. உந்துதல் அலையைப் போல எழுந்து, உச்சம் கண்டு, தானே தணியும் இயல்புடையது ஆதலால், அதனோடு மல்லுக்கு நிற்காமல், எழுந்து வெளியே சற்று நடந்துவிட்டு வருவது நல்ல அப்பியாசம். ஒரு நாள் தவறிவிட்டால், அதுவரை பெற்றதெல்லாம் போயிற்று என்று எண்ணலாகாது.

தாமாக முயன்றும் இயலாதவருக்கு, எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை உண்டு. உடனிருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டு. பிறருடைய சம்மதத்தையோ குழந்தைகளின் பாதுகாப்பையோ மீறும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதியாமல் உதவி நாட வேண்டும். மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டுமென்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்திருக்கிறது. எப்படி வாய் திறப்பது என்று வாசலிலேயே தயங்கி நிற்கிறவர், உள்ளே சென்று, “டாக்டர், ஒரு பழக்கத்தை நிறுத்த நினைத்தும் என்னால் முடியவில்லை” என்று மட்டும் சொன்னால் போதும். மற்றவற்றை அவரே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார்.