சென் மிஷேலிலிருந்து நகர மண்டபம் வரை: அகதிச் சிறுமி மாநகர முதல்வரான கதையும் நாம் கேட்க வேண்டிய கணக்கும்

அகதிக் குடும்பமொன்றின் பிள்ளையாகக் கனடா வந்தடைந்த ஒரு சிறுமி, நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் மொன்றியல் மாநகரின் முதல்வராகத் தெரிவாகியுள்ளார். 2025 நவம்பர் 2ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் 'ஒன்சாம்பிள் மொன்றியல்' கட்சியின் சார்பிற் போட்டியிட்ட திருமதி சொறாயா மார்ட்டினஸ் ஃபெராடா, 'புரொஜே மொன்றியல்' கட்சியின் தலைவர் லுக் ரபுவானைத் தோற்கடித்தார். 2017 முதல் பதவியிலிருந்த வலெரி பிளாந்த் மூன்றாந் தடவை போட்டியிடவில்லை. பிளாந்துக்கு அடுத்தபடியாக இப்பதவிக்குத் தெரிவான இரண்டாவது பெண்மணி இவரேயாவார்.

அகதிகளாய் வந்த எமக்கு இச்செய்தி இயல்பாகவே ஒரு நிறைவைத் தருகின்றது. ஆயினும் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொண்டு மாத்திரம் அவர் எமக்கு என்ன செய்வார் என்று கணித்துவிட முடியாது. அவர் இதுவரை என்ன செய்தார், இனி என்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறார் என்ற இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பதே வாக்காளருக்கும், வாக்காளராகக் காத்திருப்போருக்கும் உரிய கடமையாகும்.

சிலியிலிருந்து சென் மிஷேலுக்கு

1973 செப்ரெம்பர் 11ஆம் திகதி சிலி நாட்டில் ஜெனரல் பினோசே தலைமையிலான இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், காணாமற்போயினர், சிறையில் வதைபட்டனர். இரண்டு இலட்சம் மக்கள் வரையில் நாட்டைவிட்டு வெளியேறினர். 1972இல் சந்தியாகோ நகரிற் பிறந்த சொறாயா, 1980இல் ஏறத்தாழ எட்டு வயதிற் குடும்பத்தாருடன் கனடா வந்தார். இராணுவம், காணாமற்போனோர், புகலிடம் ஆகிய சொற்களுக்கு எவரும் எமக்கு விளக்கந்தர வேண்டியதில்லை.

பின்னாளில் மொன்றியலின் சென் மிஷேல் பகுதியிலுள்ள 'தோகு' என்னும் சர்க்கஸ் கலை மையத்திற் பணியாற்றிய அவர், 2005இல் அப்பகுதியின் மாநகர சபை உறுப்பினராகத் தெரிவாகி 2009 வரை அப்பதவி வகித்தார். சென் மிஷேலும், எம்மவர் பலர் முதன்முதலில் வாடகைக்குக் குடியமர்ந்த பார்க் எக்ஸ்ரென்சனும் ஒரே நகரப் பிரிவைச் சேர்ந்தவை. பூங்கா, நூலகம், கட்டட அனுமதி, உள்ளூர் வீதிப் பராமரிப்பு போன்ற விடயங்களைத் தீர்மானிக்கும் அப்பிரிவின் சபையில் அவர் நான்காண்டு அமர்ந்திருந்தார். ஆகவே பார்க் எக்ஸ்ரென்சனின் நெருக்கமான அடுக்குமாடிகளும் அவற்றின் குறைபாடுகளும் அவருக்குப் புதியவையல்ல.

பாராளுமன்றப் பதிவேடு

2019இல் ஓஷெலாகா தொகுதியிலிருந்து லிபரல் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான அவர், 2021இலும் அத்தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். குடிவரவு அமைச்சரின் பாராளுமன்றச் செயலாளராகவும், பின்னர் வீடமைப்பு அமைச்சரின் பாராளுமன்றச் செயலாளராகவும் கடமையாற்றினார். 2023 ஜூலையில் உல்லாசப் பயணத்துறை அமைச்சராகவும் கியூபெக் பிராந்தியங்களின் பொருளாதார அபிவிருத்திக்குப் பொறுப்பானவராகவும் நியமிக்கப்பட்டார். 2025 பெப்ரவரியில் அமைச்சுப் பதவியைத் துறந்து மாநகர அரசியலுக்குத் திரும்பினார்.

குடிவரவும் வீடமைப்பும் அகதிக் குடும்பங்களின் நெஞ்சுக்கு மிக நெருக்கமான இரு துறைகளாகும். அவ்விரண்டின் உள் நடைமுறைகளையும் அறிந்த ஒருவர் மாநகர முதல்வராக வருவது நன்மையே. அதேவேளை, அவர் மாநகர சபையை விட்டு விலகியதற்கும் முதல்வராகத் திரும்பியதற்கும் இடையில் பதினாறு ஆண்டுகள் கழிந்துள்ளன. அக்காலத்தில் வாடகை உயர்ந்தது. வீதியோரக் கூடாரங்கள் பெருகின.

வாக்குறுதிகள்

அவரது தேர்தல் விஞ்ஞாபனத்தில் மூன்று விடயங்கள் முன்னின்றன. முதலாவது, வீடற்றோர் பிரச்சினை. அதற்கான நகர ஒதுக்கீட்டைப் பெருமளவு உயர்த்தி, கூடாரக் குடியிருப்புகளுக்கு முடிவு கட்டுவதாக அவர் கூறினார். இரண்டாவது, சைக்கிள் பாதைகள். இருக்கும் பாதைகளின் பாதுகாப்பையும் பயனையும் மீளாய்வு செய்வதாக அறிவித்தார்.

மூன்றாவதே எம்மை மிக நேரடியாகத் தொடுவது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த '20-20-20' எனும் விதியை நீக்குவதாக அவர் வாக்களித்தார். பெரிய கட்டடங்களை எழுப்புவோர், சமூக வீடுகள், கட்டுப்படியான வாடகை வீடுகள், குடும்பங்களுக்கேற்ற பெரிய வீடுகள் ஆகியவற்றுக்கு நூற்றுக்கு இருபது வீதம் பங்களிக்க வேண்டுமென்பதே அவ்விதியின் நோக்கம். நடைமுறையில் வீடுகளைக் கட்டாது அதற்கீடான பணத்தைச் செலுத்தித் தப்பித்துக்கொண்டோர் பலர். இவ்விதி கட்டட வேலைகளையே மந்தப்படுத்தியது என்பது அவரது கட்சியின் வாதம். அது இல்லாது போனால் வறியோரின் வீட்டுக்கு எவர் பொறுப்பு என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

இரண்டு வாதங்களிலும் உண்மையுண்டு. மூன்று பிள்ளைகளுடன் இரண்டறை வீட்டில் நெருக்குண்டு வாழும் குடும்பத்துக்கு வேண்டியது மூன்றறை வீடும் கட்டுப்படியான வாடகையுமே. அகற்றப்படும் விதியின் இடத்தில் என்ன வைக்கப்படுகின்றது, அதனால் எத்தனை வீடுகள் எழுகின்றன என்பதே புதிய முதல்வரை நாம் அளக்கும் கோலாக அமைய வேண்டும்.

'புகலிட நகரம்' என்ற பெயர்

அவர் தலைமையேற்ற கட்சிக்கும் ஒரு கடந்தகாலம் உண்டு. டெனி கொடெர் நிறுவிய அக்கட்சி 2013 முதல் 2017 வரை நகரை ஆண்டது. 2017 பெப்ரவரியில் மொன்றியலைப் 'புகலிட நகரம்' எனச் சபை ஏகமனதாகப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டுக் கோடையில், அமெரிக்க எல்லையைக் கடந்து வந்த புகலிடக் கோரிக்கையாளர் ஒலிம்பிக் விளையாட்டரங்கிற் தங்கவைக்கப்பட்டனர். ஆயினும் பிரகடனத்தின் பின்னரும் நகரப் பொலிசார் எல்லைச் சேவை அதிகாரிகளுடன் தொடர்புகொள்வது நிற்கவில்லையென மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் குற்றஞ்சாட்டினர். அடுத்து வந்த பிளாந்த் நிர்வாகம் அப்பெயரைக் கைவிட்டது. பெயர் வேறு, பாதுகாப்பு வேறு என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அந்தஸ்து இல்லாத ஒருவர் அச்சமின்றிப் பொலிசாரிடம் முறையிட முடியுமா என்ற கேள்வியைப் புதிய முதல்வரிடமும் கேட்டே ஆகவேண்டும்.

எமது கையிலுள்ளது

அகதிக் கோரிக்கைகளைத் தீர்ப்பது மத்திய அரசின் சபை. வாடகைத் தகராறுகளை விசாரிப்பது மாகாண நியாயசபை. ஆனால் வீட்டிற் பூஞ்சணமும் கரப்பானும் நிறைந்திருக்கையிற் பரிசோதகரை அனுப்புவது மாநகரமே. எக்கதவைத் தட்டவேண்டும் என்று தெரிந்திருத்தல் பாதி வெற்றியாகும்.

வாக்குரிமை கனேடியப் பிரஜைகளுக்கு மாத்திரமே உண்டு. பதினெட்டு வயது நிறைந்திருப்பதுடன், தேர்தல் ஆண்டின் செப்ரெம்பர் 1ஆம் திகதியன்று நகரில் வசிப்பவராகவும் கியூபெக்கில் ஆறு மாதமேனும் வசித்தவராகவும் இருத்தல் வேண்டும். வாக்காளர் பட்டியலிற் பெயர் இல்லாதவர் வாக்களிப்பு நாளன்று போய்ப் பதிந்துகொள்ள முடியாது. ஆனால் நகரப் பிரிவுச் சபைக் கூட்டத்தின் பொதுமக்கள் கேள்வி நேரத்தில் எழுந்து பேசுவதற்குப் பிரஜாவுரிமை தேவையில்லை.

2025 தேர்தலில் வாக்களித்தோர் நூற்றுக்கு நாற்பதிலும் குறைவானோரே. ஊரில் இப்பதவியின் விலையை நாம் கண்டவர்கள். பல்லாண்டுகளின் பின் 1998 ஜனவரியில் தேர்தல் நடந்த யாழ்ப்பாணத்தில், மாநகர முதல்வராகப் பதவியேற்ற திருமதி சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே 17ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே உயிரைப் பணயம் வைத்து ஏற்ற பதவி அது. இங்கே அப்பதவிக்கு ஒருவரைத் தெரிவு செய்ய நாம் கொடுக்க வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமையின் அரைமணி நேரம்.

அடுத்த தேர்தல் 2029 நவம்பரில் வரும். பிரஜாவுரிமைக்குத் தகுதியுடையோர் இப்போதே விண்ணப்பித்தல் நன்று. ஏற்கெனவே பிரஜைகளானோர் தத்தம் பெயர் பட்டியலில் உள்ளதா எனச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அகதியாய் வந்த ஒருவர் முதல்வராகியிருக்கும் நகரத்தில், அகதியாய் வந்த நாம் வாக்காளராகவேனும் கணக்கில் இடம்பெறுதல் வேண்டும்.