சுகாதார போதனையும் சுகாதார மேம்பாடும்

நோய் வந்தபின் மருந்து தேடுதலினும், வாராமற் காத்தலே சிறந்ததென்பதை மறுப்பார் இலர். ஆயின், அங்ஙனம் காக்கும் பொறுப்பு யாருடையது என வினவின், விடை பலவாறாக எழுகின்றது. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற எமதூராகிய புளியங்குடியை முன்னிட்டு இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நோயின் காரணத்தையும் அதனை விலக்கும் வழியையும் மக்களுக்கு எடுத்துரைப்பது சுகாதார போதனை. சுகாதார மேம்பாடோ அதனினும் விரிந்தது. மக்கள் தம் உடல்நலத்தைத் தாமே பேணி வளர்க்க வல்லராகுமாறு செய்தலே அஃதென 1986-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கனடா தேசத்து ஒட்டாவா நகரிற் கூடிய மாநாட்டினர் வரையறுத்தனர். அவர் வகுத்த கடமைகள் ஐந்து: நலம் பேணும் பொதுக்கொள்கை வகுத்தல், அதற்கேற்ற சூழலை அமைத்தல், ஊராரின் கூட்டு முயற்சியை வலுப்படுத்தல், தனிமனிதரின் திறனை வளர்த்தல், மருத்துவப் பணியை நோய்த்தடுப்பின்பாலும் திருப்புதல் என்பன. இவற்றுள் போதனை பெரிதும் நான்காவதன்பாற் படுவதே.

2012-ஆம் ஆண்டில், அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவினதாயிருந்த கடையநல்லூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் டெங்குக் காய்ச்சல் பரவிற்று. அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையிலன்றி, வீட்டிற் சேமித்த தெளிந்த நீரிலேயே பெரிதும் பெருகும். அதன் முட்டை, நீர் வற்றிய பாத்திரத்தின் உட்புறத்திலும் பல மாதம் கெடாதிருக்கும். ஆதலின் வாரந்தோறும் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவி உலர்த்துக என்பது போதகர் கூற்று.

எம் தெருவில் ஒருமுறை இதனைக் கூறவந்த ஒருவரை நோக்கி மூதாட்டி ஒருத்தி, “ஐயா, தாங்கள் சொல்வது மெய்தான். தொட்டியைக் கவிழ்த்துவிட்டால், மறுபடி குழாயில் தண்ணீர் வரும்வரை நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்டாள். அவர் முன்னர்ச் சொன்னதையே மீண்டும் சொல்லி அகன்றார். அவரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அறியாமை ஒன்றே நோய்க்கு முதலென அவர் எண்ணியிருந்தார். அம்மூதாட்டியிடம் அறியாமை இல்லை, தண்ணீரே இல்லை. இவ்வேறுபாட்டை உணராத போதனை, நோயின் துன்பத்தோடு பழியையும் ஏழையின் தலைமேல் ஏற்றிவிடுகின்றது.

1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசுவை ஒழித்தலோடு குடிநீர் வழங்கலுக்கும் விதிகள் வகுத்துள்ளது. எனவே, இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. நீர் விடும் நாளை முன்னரே அறிவித்து, அதற்கு முந்திய நாளையே தொட்டி கழுவும் நாளாக்கின், அம்மூதாட்டியின் வினாவிற்கு ஒருவாறு விடை கிடைக்கும். அதற்குப் போதகர் தெருவிற் பேசுதல் மட்டும் போதாது. தெருவார் கூறுவதைக் கேட்டு நகராட்சியிடம் கொண்டு செல்லுதலும் வேண்டும்.

எம்முடன் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியரும் அலுவலரும் ஆவர். பிறர்க்கு நலம் போதிக்கப் புகுமுன், அவர் வீட்டுக் குடத்தில் நீர் உளதா எனக் கேட்டறிவோமாக.