ஊதியமில்லாப் பராமரிப்பு: கனகசெட்டிக்குளத்து எல்லையில் நிற்கும் உரிமை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வருவோருக்குப் புதுச்சேரி கனகசெட்டிக்குளத்தில் தொடங்குகிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைக்கோடு இது. சிறிது தொலைவு நடந்தால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். மதுவின் விலையும் பெட்ரோலின் விலையும் இக்கோட்டில் மாறுவதை எல்லோரும் அறிவர். பக்கவாதத்தால் படுத்திருக்கும் தந்தையைத் தூக்கி உட்கார வைக்கும் மகளுக்குக் கிடைக்கும் உதவியும் இதே கோட்டில் மாறுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. இவை தமிழ்நாட்டின் திட்டங்கள்; எல்லைக்கு இப்பால் செல்லாது. ஆனால் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்தும் ஒன்றிய அரசின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 2(ஈ) ‘பராமரிப்பாளர்’ யார் என்பதை வரையறுக்கிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ ஒரு மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பும் ஆதரவும் உதவியும் அளிக்கும் எவரும் பராமரிப்பாளரே. பெற்றோரும் குடும்பத்தினரும் அதில் அடங்குவர். ‘அடங்குவர்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வரையறை குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. பிள்ளைகளற்ற மூதாட்டிக்குக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றிவிடும் பக்கத்து வீட்டுப் பெண்ணும், விபத்தில் முதுகெலும்பு முறிந்த நண்பனை மருத்துவமனைக்குச் சுமந்து செல்லும் இளைஞனும் சட்டத்தின் கண்களில் பராமரிப்பாளர்கள். சேரிகளில் பராமரிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இரத்த உறவு மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை.

பிரிவு 24 சமூகப் பாதுகாப்பைக் கூறுகிறது. அரசு வகுக்க வேண்டிய திட்டங்களின் பட்டியலில், அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பாளர் உதவித்தொகையும் இடம்பெறுகிறது. இங்கே இரண்டு சிக்கல்கள் உள்ளன. ‘பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ என்று அப்பிரிவு அரசுக்கு ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மற்றொன்று இன்னும் ஆழமானது. உதவித்தொகை பராமரிக்கப்படுபவரின் பெயரில் வருகிறதே தவிர, பராமரிப்பவரின் உரிமையாக வருவதில்லை. அவர் இறந்த மறுநாள், பத்தாண்டுகள் வேலைக்குச் செல்லாமல் வீட்டில் இருந்த பெண்ணின் கையில் எதுவும் மிஞ்சாது.

எண்ணிக்கை இதையே சொல்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுகின்றனர், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிடுகின்றனர். குழந்தை வளர்ப்பும் இக்கணக்கில் அடக்கம். சமையலும் துவைத்தலும் இதற்கு வெளியே.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கல்லூரி மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. பிறர் உடலின் கழிவைத் தொடும் வேலையை இச்சமூகம் யாருக்கு ஒதுக்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தலித் பெண் ஒருவர் பகலில் இன்னொருவர் வீட்டு முதியவரைக் குறைந்த கூலிக்குத் துடைத்துவிட்டு வருகிறார். இரவில் தன் மாமியாருக்கு அதையே கூலியின்றிச் செய்கிறார். முதலாவது ‘இழிந்த வேலை’ என்று மலிவாக்கப்படுகிறது. இரண்டாவது ‘மருமகளின் கடமை’ என்று மறைக்கப்படுகிறது. ஒன்றிய அரசின் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் தாய்க்கு அவ்விடுப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஷாலினி தர்மானி வழக்கில் வலியுறுத்தியது. அந்த ஊழியரின் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு விடுப்பு என்றால் அன்றைய கூலி இல்லை என்று பொருள்.

பராமரிப்பின் செலவைக் குடும்பம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய கேள்வியன்று. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்றும் அச்சுமையில் அரசுக்குப் பொறுப்புண்டு என்றும் வாதிட்டார். வீட்டுக்குள் நடப்பதைப் பொதுக் கருவூலத்தோடு இணைத்த வாதம் அது.

பிரிட்டனில் 1976இல் நோயுற்றோரைப் பராமரிப்பவர்களுக்கு ஓர் உதவித்தொகை வந்தது. கணவரோடு வாழும் மணமான பெண்களுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அதன் அடிப்படை. தன் தாயைப் பராமரிக்க வேலையை விட்ட ஜாக்கி டிரேக் வழக்குத் தொடுத்தார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. நம் பக்கத்தில் கேரளம் 2010இல் தொடங்கிய ‘ஆசுவாசகிரணம்’ படுக்கையில் கிடப்போரின் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் என நிர்ணயித்தது. தொகை சிறிது, நிலுவையும் அடிக்கடி சேர்ந்தது. எனினும் பராமரிப்பவரையே பயனாளியாக எழுதிய திட்டம் அது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை முன்மாதிரி என்கிறோம். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரணச் சிகிச்சை இயக்கம் அண்டை வீட்டாரைத் தன்னார்வலர்களாக்கி, உள்ளாட்சிகளின் தோள்மீது வளர்ந்தது.

புதுச்சேரியில் அத்தோள் இல்லை. 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகளின் கையில் உள்ளன. எந்தத் தெருவில் யார் படுத்திருக்கிறார், யார் பார்த்துக்கொள்கிறார் என்ற பட்டியலைக் கேட்டு வாங்க வார்டு உறுப்பினர் இல்லை; தனித்தொகுதி ஒதுக்கீட்டில் வந்திருக்க வேண்டிய தலித் உறுப்பினரும் இல்லை.

ஆகவே அப்பட்டியலை நாமே எடுக்க வேண்டியிருக்கிறது. காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அம்மாணவர்கள் ஒரு வார இறுதியில் கனகசெட்டிக்குளத்துத் தெருக்களில் இதைத் தொடங்கலாம். முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும். பக்கவாதத்தால் முடங்கியவர் ‘நோயாளி’ என்றே விடப்படுகிறார். அவரும் சான்றுக்குத் தகுதியுடையவராக இருக்கலாம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் சான்றளிக்கப்பட்டவர், பிரிவு 38இன் கீழ் அதிக ஆதரவு கோரி விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது. விண்ணப்பத்தில் பராமரிப்பாளரின் பெயர், அவர் இழந்த வேலை, நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டால் தனித்தாளில் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் வராவிட்டால் பிரிவு 80இன் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையிடலாம். ஆணையர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையைத் துறை 3 மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தை அதே காலத்துக்குள் ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எழுத்தில் தர வேண்டும். மறுப்பு எழுத்தில் வந்தாலும் நமக்குப் பயன்தான். உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல அந்த ஒரு தாள் தேவைப்படுகிறது.