மினுங்கக் கூடாத சுவர்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குள் போனவர்கள் சுவரைத் தடவிப் பார்க்காமல் திரும்புவதில்லை. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்துக் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு அது. இந்தக் கட்டுரையும் ஒரு சுவரைப் பற்றியதுதான். புல்லட் இன்ஜினுக்குள் இருக்கும் சிலிண்டரின் உட்சுவர். அது மட்டும் அப்படி மினுங்கிவிடக் கூடாது.

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்த அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் 350 புல்லட்டுகள் பல, டிஎன் 63 பலகையோடும் அதற்கு முந்தைய பலகைகளோடும் இன்னும் ஓடுகின்றன. ஒரே சிலிண்டர், 70 மி.மீ. அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், அந்த ஒரு நிமிடத்தில் பிஸ்டன் சுவரோடு உராயும் தூரம் 540 மீட்டர். ஆண்டுக்கணக்கில் இப்படித் தேய்ந்த சிலிண்டர் வட்டம் குலைந்துபோகும். அப்போது லேத் பட்டறையில் கொடுத்துச் சுவரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதாவது ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் புது ரிங்குகளும் போடுவார்கள்.

ரீபோருக்குப் பிறகு வரும் ஹோனிங் வேலையை நம் அம்மியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுக்கும். உளியால் கொத்தித்தான் அதற்குப் பிடிப்பு வரவழைக்க வேண்டும். ஹோனிங் கல்லும் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களைப் போடுகிறது. கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டின் கூர்முனைகளை ரிங் உராய்ந்து மட்டப்படுத்தும். அப்படித் தேயும்போது ரிங்கின் விளிம்பும் அந்தச் சுவருக்கே உரிய வடிவத்துக்கு வந்து சேரும். 'ரிங் செட் ஆகிறது' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

இதில் பலர் தவறுவது ஒரே இடத்தில். புது இன்ஜின் ஆயிற்றே என்று பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல் நாற்பதிலேயே ஓட்டுகிறார்கள். ரிங் தன் விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. பெட்ரோல் எரியும்போது எழும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து, அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. முறுக்கினால்தான் அந்த அழுத்தம் பிறக்கும். முறுக்காமலே ஓட்டினால் ரிங் சரியாகப் பதியாது. அதைத் தாண்டி மேலேறும் ஆயில் சுவரிலேயே வெந்து, வார்னிஷ் மாதிரி கீறல்களை அடைத்துவிடும். சுவர் மினுங்கும். அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் செட் ஆகாது.

அதற்காகக் கத்திரி வெயிலில் ஒரே மூச்சாக முறுக்கிக்கொண்டு போகவும் கூடாது. காற்றால் மட்டுமே ஆறும் இன்ஜின் இது. புது பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி மிகக் குறைவு. சூடேறி விரிந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நான் சொல்வது இதுதான்: விடியற்காலையில் கிளம்புங்கள். எப்படியும் முதல் ஓட்டம் பிள்ளையார்பட்டிக் கோயிலுக்குத்தானே, காரைக்குடியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் நல்ல பயிற்சித் தூரம். இன்ஜின் சூடானதும் நடுத்தர வேகத்திலிருந்து கொஞ்சம் முறுக்குங்கள், பிறகு கியரிலேயே வைத்துக் கையை முழுக்க விடுங்கள். விடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சல், கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்துச் சுவரைக் குளிர்வித்து, தேய்ந்த இரும்புத் துகளையும் கழுவும். மாற்றி மாற்றி இப்படியே செய்யுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். நிறுத்திவைத்து ஸ்டார்ட்டில் விடுவது அதைவிட மோசம். பிள்ளையார்பட்டியிலிருந்து திரும்பியதும் ஆற வையுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மின்னும் துகள் தெரியும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சாதாரண மினரல் ஆயிலே போதும்.

முதல் ஐநூறு கிலோமீட்டரில் ஆயில் கொஞ்சம் குறைவது இயல்பு. அதற்குப் பிறகும் சைலன்சரில் நீலப்புகை வந்தால்தான் துப்பறிய வேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் கூடுதலாகப் போவதால் வருவது, அது கார்புரேட்டர் சமாச்சாரம். நீலப்புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபுக்கோடு நின்றுவிட்டாலோ, வேகத்தில் கையை விட்டு மறுபடி முறுக்கும்போது வந்தாலோ, சந்தேகம் வால்வ் கைடு மீது. முறுக்க முறுக்கப் புகை கூடினால் ரிங் மீது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால், பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். 'டாப்' என்று குறியிட்ட ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருந்தாலும் ஆயில் மேலே ஏறும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஆயில் குறிக்கு மேலே ஊற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த ஊருக்கே பொருந்தும் ஒரு புகை உண்டு. பழைய புல்லட்டில் ஆயில் தொட்டி இன்ஜின் வார்ப்புக்குள்ளேயே தனி அறையாக இருக்கிறது. ஒரு பம்பு ஆயிலை அனுப்புகிறது, இன்னொன்று உறிஞ்சித் திருப்பிக் கொண்டுவருகிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ்பவர்கள் திருவிழாவுக்கு வந்து, பூட்டிய வீட்டைத் திறந்து, புல்லட்டை உதைத்தால் தெருவே நீலமாகும். இதற்காக இன்ஜினை இறக்க வேண்டாம். சில கிலோமீட்டர் ஓடினால் பம்பு எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், புகையும் நிற்கும்.

ரிங்குக்கும் இந்த ஊருக்கும் இன்னோர் உறவும் உண்டு. ரிங்கின் முகத்துக்குக் குரோமியம் பூசுவதும், இன்றைய அலுமினியச் சிலிண்டர்கள் சிலவற்றின் சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் படியவைப்பதும் மின்வேதியியல் வேலைகள். அந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்வகம் இங்கே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த முந்நூறு ஏக்கரில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். மின்முலாம் அதன் ஆய்வுத் துறைகளுள் ஒன்று. குரோம் ரிங் கெட்டியானது, நெடுநாள் உழைக்கும். வார்ப்பிரும்பு ரிங்கைவிடச் செட் ஆகத்தான் நேரம் பிடிக்கும்.

புகை நிற்கவே இல்லை, ரிங்தான் காரணம் என்று உறுதியாகிவிட்டால் சிலிண்டரைக் கழற்றி, துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்குக் கோடுகள் தெரிந்தால் சுவர் நன்றாக இருக்கிறது, ரிங்கின் இடைவெளியையும் பொருத்திய விதத்தையும் சோதியுங்கள். கோடு மறைந்து நம் வீட்டுச் சுவர்போல முகம் தெரிந்தால், மறுபடி ரீபோருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அளவு மாறாமல் லேசாக ஹோனிங் போட்டு, புது ரிங் மாட்டி, பிள்ளையார்பட்டிச் சாலையில் இன்னொரு முறை தொடங்கினால் போதும்.